கட்டினதைக் காணோம், கட்டவும் முடியல: மைன்கிராஃப்ட் கட்டுமான சர்வரில் வரும் பழுதுகள், அறிகுறி வாரியாக

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அதே பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மைன்கிராஃப்ட் சர்வரில், அதாவது பிளாக் பிளாக்காக வைத்துக் கட்டும் கணினி விளையாட்டின் பொது உலகத்தில், கூடுவார்கள். அங்கே ஒரு ஊரையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோயில், குளம், தேர், கரும்புத் தோட்டம், அந்தத் தோட்டத்தில் வேலை செய்த கொள்ளுத்தாத்தாக்கள் குடியிருந்த தகர வரிசை வீடுகள் எல்லாம் அதில் உண்டு. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலை ஒரு பையன் பாய்மரத்தோடு கட்டி நிறுத்தியிருக்கிறான்.

அந்த ஊரைக் காப்பாற்றுகிற வேலை என்னுடையது. சர்வர் ஓடுவது பேப்பர் மென்பொருளில். அதன்மேல் நாலு பிளகின்கள், அதாவது கூடுதல் நிரல்கள்: யாருக்கு என்ன உரிமை என்று வைக்கும் லக்பெர்ம்ஸ், ஒரே கட்டளையில் நிறைய பிளாக்கை மாற்றும் வேர்ல்டுஎடிட், இடத்துக்கு வேலி போடும் வேர்ல்டுகார்டு, யார் என்ன செய்தார் என்று பதிவேடு எழுதும் கோர்ப்ரொடெக்ட். பயிற்சி உலகத்துக்கு மட்டும் ஆளுக்கொரு மனை பிரித்துத் தரும் பிளாட்ஸ்குவேர்ட். டேப்லெட்டில் வரும் பிள்ளைகளுக்காக கெய்சரும் ஃபிளட்கேட்டும். உங்களிடம் வேறு பிளகின் இருந்தால் கட்டளை மாறும், காரணம் மாறாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது சர்வர் தொடங்கினால் வேலி போடுவதற்கு முன் பதிவேட்டைப் போடுங்கள். கோர்ப்ரொடெக்ட் நிறுவிய நிமிஷத்திலிருந்து நடப்பதைத்தான் எழுதிவைக்கும். அதற்கு முன்னால் நடந்தது அதற்குத் தெரியாது.

"அண்ணா, யாரோ என் கோபுரத்த ஒடச்சிட்டாங்க"

யாரையும் கேட்காதீர்கள். யார் பெயரையும் சொல்லாதீர்கள். முதலில் அந்த இடத்துக்குப் போய்ச் சேதத்தின் வடிவத்தைப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கும்.

ஓரம் ஒழுங்கில்லாமல், அங்கொன்று இங்கொன்றாகக் கல் போயிருந்தால் அது கையால் உடைத்தது. கிண்ணம் மாதிரி உருண்டையாகக் குழி விழுந்திருந்தால் டிஎன்டி வெடி அல்லது வெடிக்கும் கிரீப்பர் பூதம். மரமும் கம்பளியும் மட்டும் போய்க் கல் அப்படியே நின்றால் தீ. ஓரம் கத்தியால் வெட்டினது போல நேராக இருந்தால் இரண்டே சாத்தியம். ஒன்று, யாரோ வேர்ல்டுஎடிட் கட்டளை போட்டிருக்கிறார்கள். இரண்டு, உலகக் கோப்பு கெட்டு ஒரு சங்க், அதாவது 16-க்கு 16 பிளாக் கொண்ட ஒரு துண்டு, காணாமல் போயிருக்கிறது. எஃப்3 விசையைப் பிடித்துக்கொண்டு ஜி அழுத்தினால் சங்க் எல்லைக் கோடுகள் தெரியும். வெட்டு அந்த 16-க்கு 16 கோட்டின் மேலேயே விழுந்திருந்தால் கோப்புப் பழுது. கோட்டைத் தாண்டியோ உள்ளேயோ விழுந்திருந்தால் கட்டளைதான்.

அடுத்து கோர்ப்ரொடெக்டின் இன்ஸ்பெக்ட் நிலையை இயக்குங்கள். அந்த நிலையில் இடது கிளிக் செய்தால் முன்னாலிருக்கும் பிளாக்கின் வரலாறு வரும். இப்போது வெறும் காற்றாக இருக்கும் இடத்தில் என்ன இருந்தது என்று பார்க்க, அங்கே ஒரு பிளாக்கை வைப்பது போல வலது கிளிக் செய்யுங்கள். பிளாக் விழாது, வரலாறு வரும். பெட்டிமேல் வலது கிளிக் செய்தால் யார் எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்பதும் வரும்.

எங்கள் கோயிலின் மூன்று நிலைக் கோபுரத்தைக் கட்டியது பத்து வயதுப் பெண். இரண்டு மாதமாகக் கட்டினாள். வெள்ளைக்கு குவார்ட்ஸ், சுதைப் பொம்மைகளுக்கு ஏழெட்டு நிறத்தில் டெரகோட்டா. ஒரு நாள் மாலையில் பார்த்தால் இரண்டாம் நிலையின் தெற்கு முகம் முழுக்கச் சாம்பல் கல்லாகிக் கிடக்கிறது. அவள் சந்தேகப்பட்டது தன் சித்தப்பா மகனை. அன்று மதியம் இருவருக்கும் சண்டை. அந்தப் பையன் அழுதுகொண்டே எனக்குக் குரல் செய்தி அனுப்பினான், "நான் தொடவேயில்ல அண்ணா" என்று.

சேதத்தின் ஓரம் நூல் பிடித்தது போல நேர். இன்ஸ்பெக்ட் செய்தேன். வந்தது என் பெயர்.

அன்று காலை குளத்துப் படிகளை மாற்றுவதற்கு ஒரு ரீப்ளேஸ் கட்டளை போட்டிருந்தேன். தேர்வின் முதல் மூலையை மட்டும் புதிதாகக் குறித்தேன். இரண்டாவது மூலை முந்தைய வேலையில் குறித்தபடியே கோபுரத்துக்குப் பின்னால் நின்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்த குவார்ட்ஸ் எல்லாம் கல்லாகிவிட்டது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் வேர்ல்டுஎடிட்டில் ஒரே கட்டளை மாற்றக்கூடிய பிளாக் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிட்டேன். இயல்பில் அதற்கு வரம்பு கிடையாது.

சரிசெய்வதற்கு வேர்ல்டுஎடிட்டின் அன்டூ கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கட்டளை போட்டவர் வெளியேறிச் சற்று நேரமானாலே அந்த நினைவு அழிந்துவிடும், இயல்பு அமைப்பில் 10 நிமிஷம். சர்வரை மறுபடி தொடங்கினாலும் போச்சு. ஆகவே பெரும்பாலும் கோர்ப்ரொடெக்டின் ரோல்பேக்தான் (நடந்ததைப் பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளை) கதி. அதற்கு மூன்று விவரம் கொடுங்கள்: யார், எவ்வளவு நேரத்துக்குள், எவ்வளவு தூரத்துக்குள். தூரம் சொல்லாவிட்டால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பத்து பிளாக்கை மட்டும் சரிசெய்துவிட்டு நின்றுவிடும். பிறகு "பாதிதான் திரும்பி வந்துச்சு" என்று இன்னொரு புகார் வரும். பெயர் சொல்லாவிட்டால் அதே நேரத்தில் அங்கே மற்ற பிள்ளைகள் ஒழுங்காகக் கட்டியதையும் சேர்த்துப் பின்னால் இழுத்துவிடும். இது முதலாவதைவிடக் கெடுதல். முதலில் ப்ரிவியூ பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்படியும் தவறினால் ரீஸ்டோர் கட்டளை ரோல்பேக்கையே திருப்பிவிடும், பயப்பட வேண்டாம்.

வேர்ல்டுஎடிட்டுக்குப் பதிலாக ஃபாஸ்ட் ஏசிங்க் வேர்ல்டுஎடிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். அது செய்யும் மாற்றங்கள் கோர்ப்ரொடெக்டில் பதிவாகாமல் போவது உண்டு. வெற்று நிலத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து, இன்ஸ்பெக்ட் செய்து பாருங்கள். பதிவாகவில்லை என்றால், அதன் கட்டளைகளைப் பெரியவர்கள் ஒருவர் இருவருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

"ஒடைக்கிற கல்லு திரும்பத் திரும்ப வருது"

மூன்று காரணத்துக்கும் பார்வைக்கு ஒரே அறிகுறி. பிரித்துப் பார்க்கும் விதம் இது.

கல் உடனே திரும்பி வருகிறது, திரையில் "இங்கே உடைக்க முடியாது" என்று ஒரு செய்தியும் வருகிறது என்றால், வேர்ல்டுகார்டில் வேலி போட்ட இடம், அதாவது ரீஜன், தடுக்கிறது. எந்த ரீஜன் என்பதை அங்கேயே நின்று ரீஜன் இன்ஃபோ கட்டளையில் பார்க்கலாம்.

கல் உடனே திரும்பி வருகிறது, செய்தி எதுவும் இல்லை, எல்லாரும் முதலில் வந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் இப்படி என்றால், அது மைன்கிராஃப்டோடு வரும் ஸ்பான் ப்ரொடெக்ஷன். பிளகினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்வர்.ப்ராபர்ட்டீஸ் கோப்பில் அதன் மதிப்பு இயல்பாக 16. அதாவது நடுப்புள்ளியிலிருந்து நாலு பக்கமும் 16, மொத்தம் 33-க்கு 33 பிளாக். ஓபி உரிமை (முழு நிர்வாக உரிமை) உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அதனால்தான் "எனக்கு ஒடையுதே" என்று நிர்வாகி சொல்வார், பிள்ளைக்கு உடையாது. வேர்ல்டுகார்டு வைத்திருந்தால் இதை 0 ஆக்கிவிடுங்கள். காவலுக்கு இரண்டு பேர் நின்றால் யார் தடுத்தது என்று கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும்.

கல் ஒரு நொடி கழித்துத் திரும்பி வருகிறது, அல்லது கடைசியில் உடைந்தே போகிறது என்றால், அது தாமதம். சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் டர்பனிலிருந்து ஒவ்வொரு போக்குவரத்துக்கும் 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஜோஹானஸ்பர்க்கில் வாடகைக்கு எடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். காப்பு வேலை செய்கிறதா என்று உங்கள் ஓபி கணக்கில் சோதிக்காதீர்கள், உங்களை எந்த ரீஜனும் தடுக்காது. எந்த உரிமையும் இல்லாத இன்னொரு கணக்கு வைத்துக்கொண்டு அதில் உள்ளே போய் உடைத்துப் பாருங்கள்.

"கோயிலுக்குக் காப்பு இருக்கு, கலசத்தக் காணோம்"

ரீஜன் என்பது ஒரு பெட்டி. கோடரியால் இரண்டு மூலையைத் தரையில் குறித்தால் பெட்டியின் உயரம் அந்தத் தரையளவுதான். அதன்மேல் கட்டியது எல்லாம் வேலிக்கு வெளியே. கீழே சுரங்கம் தோண்டி வந்தாலும் அப்படித்தான். ரீஜன் போடுவதற்கு முன் எக்ஸ்பேண்ட் வெர்ட் கட்டளை கொடுத்து, அடிப்பாறை முதல் வானம் வரை நீட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? ரீஜனைத் தேர்ந்து, நீட்டி, ரீடிஃபைன் செய்யுங்கள். உறுப்பினர் பட்டியல் அழியாது.

"பந்தல் எரிஞ்சு போச்சு, யாரும் தீ வைக்கல"

பெரிய வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு மாரியம்மன். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலில் கூட்டம் நெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து மாரியம்மனுக்குக் கூழ்ப் பந்தல் கட்டுவார்கள். சில கோயில்களில் ஈஸ்டர் சமயத்தில் தீமிதியும் நடக்கும் என்பதால் பூக்குழியும் உண்டு. ஒருவன் நெதர்ராக் என்ற கல்லைப் பரப்பி அதில் நெருப்பு வைத்தான். நெதர்ராக்கில் வைத்த தீ அணையாது. பக்கத்தில் எரியக்கூடியது எதுவானாலும் தாவும். அதை ஒட்டினாற்போல ஓக் மரப் பந்தல். கிரியேட்டிவ் முறையில் உங்களுக்குக் காயம் படாதே தவிர மரத்துக்குத் தீ படும்.

இன்ஸ்பெக்ட் செய்தால் மனிதர் பெயருக்குப் பதிலாக ஹேஷ் குறியோடு ஃபயர் என்று வரும். அதையே பெயராகக் கொடுத்து ரோல்பேக் செய்யலாம். எரிந்தது மட்டும் திரும்பி வரும். ஆனால் முதலில் தீயை அணையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்த பந்தல் மறுபடி எரியும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

நிரந்தரத் தீர்வாக வேர்ல்டுகார்டில் ஃபயர் ஸ்ப்ரெட், லாவா ஃபயர் இரண்டையும் உலகம் முழுதுக்கும் தடுத்துவிடுங்கள். பூக்குழிக்கு மாக்மா பிளாக் போட்டு, இடையிடையே கேம்ப்ஃபயர் வைக்கச் சொல்லுங்கள். கேம்ப்ஃபயர் தீ எதற்கும் தாவாது. அதன் புகை எழும்பிப் பரவும்போது உண்மையான பூக்குழி மாதிரியே இருக்கிறது. அந்தப் பையனுக்குப் பழையதைவிட இது பிடித்துப்போயிற்று.

"என் வீட்டையே என்னால தொட முடியல"

இதற்குக் காரணங்கள் பல. எனக்கு அதிகம் வரும் வரிசையில் சொல்கிறேன்.

டேப்லெட்டில் வரும் பிள்ளையா? ஃபிளட்கேட் அவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி சேர்க்கும், பெயருக்குள் இடைவெளி இருந்தால் அடிக்கோடாக மாற்றும். நீங்கள் புள்ளியில்லாத பெயரை ரீஜனில் சேர்த்திருந்தால் அது வேறு ஆள். விளையாட்டுக்குள் டேப் விசையை அழுத்தி, பட்டியலில் தெரியும் பெயரை அப்படியே சேருங்கள்.

"நேத்து கட்ட முடிஞ்சது, இன்னைக்கு முடியல" என்று பயிற்சி உலகத்தில் சொன்னால், பிளாட்ஸ்குவேர்டில் ஆட் செய்திருப்பார்கள். ஆட் என்றால் மனைக்குச் சொந்தக்காரர் உள்ளே இருக்கும்போது மட்டும் கட்டலாம். அவர் வராத நேரத்திலும் கட்ட வேண்டுமானால் டிரஸ்ட் செய்ய வேண்டும். அக்கா வெளியே போனதும் தம்பிக்குக் கை கட்டிப்போனதற்கு இதுதான் காரணம்.

ரீஜனில் உறுப்பினராக இருந்தும் முடியவில்லையா? யாராவது பில்ட் கொடியை (ரீஜனின் ஒரு விதி) டினை, அதாவது தடை, என்று வைத்திருக்கிறார்களா பாருங்கள். ரீஜன் போட்டாலே வெளியாட்களுக்குத் தடைதான், அந்தக் கொடி தேவையே இல்லை. வைத்தால் சொந்தக்காரருக்கும் சேர்த்துத் தடை. கொடியை எடுத்துவிடுங்கள்.

எல்லாருக்கும் ஒரே நாளில் உரிமை போய்விட்டதா? ஆன்லைன் மோடை, அதாவது வருகிறவரின் கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் அமைப்பை, யாராவது மாற்றியிருப்பார்கள். அதை மாற்றினால் ஒவ்வொருவரின் உள் அடையாள எண்ணும் மாறும். ரீஜன்கள் பழைய எண்ணைத்தான் வைத்திருக்கும். சொந்தமாகக் கணக்கு இல்லாத ஒரு நண்பனை உள்ளே விடுவதற்காக அதை அணைப்பார்கள். அணைத்தால் நிர்வாகியின் பெயரை அடித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் நிர்வாகியாக நுழையலாம். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

எதுவும் பொருந்தாவிட்டால் லக்பெர்ம்ஸில் வெர்போஸை இயக்கிவிட்டு அந்தப் பிள்ளையை ஒருமுறை முயலச் சொல்லுங்கள். எந்த உரிமையைக் கேட்டு எது மறுக்கப்பட்டது என்று வரிவரியாக எழுதிக் காட்டும்.

கரண்ட் போய் வந்த பிறகு ஊரில் ஓட்டை

2023-இல் சர்வர் என் வீட்டில்தான் ஓடியது, ஒரு பழைய மேசைக் கணினியில். லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்த வருஷம். ஒரே நாளில் மூன்று முறை போகும். பட்டென்று கரண்ட் போனால் இரண்டு விதமாக அடிபடும். கடைசிச் சேமிப்புக்குப் பின் கட்டியது போகும், அது சில நிமிஷ வேலை. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றால் ஒரு சங்க் கெடும். கெட்ட சங்க்கை சர்வர் புது நிலமாக மறுபடி உருவாக்கிவிடும். குளத்துக்கு நடுவில் சதுரமாக ஒரு புல்வெளியும் ஒரு பன்றியும் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இதை கோர்ப்ரொடெக்டால் சரிசெய்ய முயலாதீர்கள், யாரும் உடைக்காததால் அதில் ஒன்றும் இருக்காது. பேக்கப்பிலிருந்து அந்தத் துண்டை மட்டும் எடுத்து வையுங்கள். முழு உலகத்தையும் திருப்பினால் மற்றவர்கள் உழைப்பும் போகும்.

உலகம் 512-க்கு 512 பிளாக் கொண்ட கோப்புகளாகச் சேமிக்கப்படுகிறது. ஓட்டை இருக்கும் இடத்தின் எக்ஸ், இசட் எண்களை எஃப்3 திரையில் பாருங்கள். இரண்டையும் 512-ஆல் வகுத்து, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்குங்கள். எக்ஸ் -700, இசட் 1300 என்றால் -1.37, 2.54 என்று வரும். கோப்பின் எண்கள் -2, 2. எதிர்மறை எண்ணில் -1 என்று எடுத்துவிட்டால் பக்கத்துத் துண்டை அழித்துவிடுவீர்கள், இரண்டு தடவை சரிபாருங்கள். சர்வரை நிறுத்துங்கள். இப்போதிருக்கும் கோப்பை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டுப் பேக்கப் கோப்பை வையுங்கள். ரீஜன் என்ற அடைவில் (வேர்ல்டுகார்டு ரீஜன் வேறு) மட்டுமல்ல, என்டிட்டீஸ், பிஓஐ அடைவுகளிலும் அதே எண்ணுள்ள கோப்பை மாற்றுங்கள். என்டிட்டீஸ் 1.17 பதிப்பிலிருந்து தனி, பிஓஐ அதற்கு முன்பிருந்தே தனி. மறந்தால் சுவர் வரும், சுவரில் மாட்டிய படச்சட்டமும் ஆர்மர் ஸ்டாண்டால் (கவசம் மாட்டும் பொம்மை) செய்த சாமி சிலையும் வராது.

சர்வரே எழும்பவில்லை, லெவல்.டாட் கெட்டிருக்கிறது என்றால், பக்கத்திலேயே லெவல்.டாட்_ஓல்டு இருக்கும். அதை நகலெடுத்துப் பெயர் மாற்றுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் உலகத்தை அப்படியே நகலெடுத்தால் பேக்கப்பிலும் பழுது இருக்கும். சேவ் ஆஃப், சேவ் ஆல் ஃப்ளஷ், நகல், சேவ் ஆன் என்ற வரிசையில் செய்யுங்கள். வீட்டில் சர்வர் வைக்கத்தான் வேண்டுமென்றால் மேசைக் கணினியைவிடப் பழைய லேப்டாப் மேல், பேட்டரி அதிலேயே இருக்கிறது. பேட்டரி இறங்கும்போது சர்வரை ஒழுங்காக நிறுத்தும்படி ஒரு சிறு நிரலும் வையுங்கள்.

"பலகையில தமிழ் எழுத்து பிரிஞ்சு நிக்குது"

விளையாட்டின் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஜாவா பதிப்பில் கொம்பும் காலும் மெய்யெழுத்தோடு சரியாக ஒட்டுவதில்லை. "கோயில்" என்று எழுதினால் ககரமும் கொம்பும் தனித்தனியாக நிற்கும். இது விளையாட்டின் குறை, உங்கள் சர்வரில் சரிசெய்ய ஒன்றுமில்லை. சாட்ஸ்வொர்த்தில் இந்தப் பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பார்ப்பது வாரத்தில் ஒரு காலைதான். அது இங்கே பிழையாகத் தெரிய நான் விடமாட்டேன். பெயர்ப்பலகைகளைக் கான்கிரீட் பிளாக்கால் பெரிய எழுத்தாகவே கட்டச் சொல்கிறேன். "ழ" கட்ட ஒரு பெண்ணுக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் அவள் அதை நோட்டில் தப்பாக எழுதியதில்லை.

சர்வர் பதிவில் தமிழ் கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு விஷயம். பழைய ஜாவாவில் எழுத்துமுறையை யூடிஎஃப்-8 என்று தொடக்கக் கட்டளையில் சொல்லுங்கள். ஜாவா 18 முதல் அதுவே இயல்பு.

எல்லாருக்கும் இழுத்து இழுத்து ஓடுகிறது

ஸ்பார்க் என்ற அளக்கும் பிளகினை வைத்து அளந்து பாருங்கள். நொடிக்கு 20 டிக், அதாவது விளையாட்டின் துடிப்பு, வரவேண்டும். எங்கள் ஊரில் குற்றவாளி எப்போதும் ஒரே இடத்தில் குவிந்த ஆர்மர் ஸ்டாண்டுகள், அல்லது நிற்காமல் துடிக்கும் ரெட்ஸ்டோன் சுற்று (விளையாட்டுக்குள் மின்சுற்று மாதிரி). திருவிழாக் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் ஸ்டாண்டு வைப்பார்கள். பாதியை பிளாக்காலேயே செய்யலாம் என்று கட்டியவரிடமே பேசுங்கள். சொல்லாமல் அழிக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, யாரும் கட்டவில்லை

இதையும் பழுது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோபுரத்து விவகாரத்துக்குப் பிறகு பயந்துபோய் ஊர் முழுக்க ரீஜன் போட்டேன். ஒரு செங்கல் வைக்கவும் என் அனுமதி வேண்டும். சேதம் நின்றது. இரண்டு வாரத்தில் மாலையில் வருவது நாலு பேராகிவிட்டது. வந்தவர்களும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சரிசெய்தது இப்படி. கட்டி முடித்ததற்கு மட்டும் ரீஜன், அதன் சொந்தக்காரர் கட்டியவரே. தன் ரீஜனில் தானே நண்பர்களைச் சேர்க்கும் உரிமையை லக்பெர்ம்ஸில் கொடுத்தேன். இன்ஸ்பெக்ட் உரிமையை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். இப்போது ஏதாவது உடைந்தால் என்னிடம் வருவதற்கு முன் அவர்களே பார்த்துவிடுகிறார்கள், சண்டை பாதியாகக் குறைந்தது. கோயிலுக்குப் பின்னால் பெரிய மைதானத்துக்கு ரீஜனே இல்லை. யாரும் எதையும் கட்டலாம், பதிவேடு மட்டும் ஓடும். அங்கே ஒரு மூலையில் வேண்டுமென்றே ஒரு சுவரை இடித்து, பிள்ளைகள் கண்முன்னே ரோல்பேக் செய்து காட்டினேன். கல் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பியது. "அப்ப எதுவும் போகாதா அண்ணா?" என்று கேட்டாள் கோபுரத்துப் பெண். அன்று மாலையே மைதானத்தில் தேர்ச் சக்கரம் ஒன்று எழும்பத் தொடங்கியது, அவளும் அவள் சித்தப்பா மகனும் சேர்ந்து.